கல் கேட்கும் வேண்டுதல்
பரங்கிமலைச் சிலுவையும் அதனைப் படித்தோரும்

கல்லெழுத்தைப் படிக்கப் புகுவோர் இரு வகையினர். கல் என்ன சொல்லுகிறது என்று கேட்போர் ஒரு வகையினர். கல் இன்னதைத்தான் சொல்ல வேண்டும் என்று முன்னரே முடிவு செய்துகொண்டு அதனிடம் செல்வோர் மற்றொரு வகையினர். சென்னையை அடுத்த பரங்கிமலைத் தேவாலயத்தின் பீடத்தில் பதித்துள்ள சிலுவைக் கல் இவ்விரு வகையினரையும் கண்டிருக்கிறது. பினாங்கில் சூலியா தெருவை அறிந்த நமக்கு அக்கல்லின் வரலாறு புறக்கதை அன்று. அது எங்ஙனம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1547-ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் அம்மலைமேல் கோயில் கட்ட அடித்தளம் தோண்டியபோது இக்கல் வெளிப்பட்டது. நடுவே புடைப்பாகச் செதுக்கிய சிலுவை. அதன் கரங்களின் நுனிகள் மொட்டுப்போல் விரிகின்றன. மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. அடியில் இரு மருங்கும் இலைகள் வளைந்து எழுகின்றன. இருபுறமும் தூண்கள், அவற்றின்மேல் ஒரு வளைவு. வளைவின் ஓரமாக எழுத்துகள் ஓடுகின்றன. சிலுவையில் அறையுண்டவரின் உருவம் கிடையாது. சிலுவை நம் நாட்டுக் கோயிற்சிற்பத்துக்குப் புதியது. ஆனால் தூணும் இலையும் வளைவும் இந்நாட்டுத் தச்சன் உளிக்குப் பழகியவை. எழுத்தோ தமிழும் அன்று, வடமொழியும் அன்று.

மூன்று படிப்புகள்

முதற் படிப்பு போர்த்துக்கேயர் காலத்தது. அவர்கள் ஓர் அந்தணரை அழைத்து வந்து எழுத்தைக் காட்டினர். எழுத்து ஒவ்வொன்றும் பல சொற்களைக் குறிக்கும் என்று கூறி, அவர் தோமையாரின் வருகையைப் பற்றிய நீண்ட வரலாறு ஒன்றை அதிலிருந்து எடுத்துரைத்தார். கேட்டவர் விரும்பியதும் அதுவே. ஒரு வளைவின் ஓரத்தில் அடங்கிய சில சொற்களுக்குள் இத்துணைப் பெரிய கதை எப்படி நுழைந்தது என்று அன்று எவரும் ஐயுற்றதாகத் தெரியவில்லை.

இரண்டாவது படிப்பு பர்னல் என்னும் ஆங்கில அறிஞருடையது. இவர் 1873-இல் வெளியிட்ட சிறு நூலில், இவ்வெழுத்து பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து என்று நிறுவினார். கல் தோமையாரின் கைவேலை என்ற நம்பிக்கை இதனால் ஆட்டம் கண்டது. எழுத்தின் வடிவம் முதல் நூற்றாண்டுக்கு மிகப் பிற்பட்டது. எழுத்தை அறிந்த அளவில் பர்னலின் தொண்டு பெரிது. ஆனால் பொருள் காணுமிடத்தில் அவரும் சற்றே வழுக்கினார். அவ்வரியைச் சமயக் கொள்கை விளக்கமாகவே கொண்டார். சிலுவையைச் சுற்றி எழுதியது சிலுவையைப் பற்றியே இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அவரையும் விடவில்லை போலும்.

மூன்றாவது, 1929-இல் வெளிவந்த வின்க்வொர்த் படிப்பு. அதன்படி அவ்வரி கொள்கையும் அன்று, வரலாறும் அன்று, ஒரு வேண்டுதல். சகார்புக்த்து என்பவருடைய மகனான ஒருவர்மேல் இரக்கம் வைக்குமாறு கிறிஸ்துவிடம் கேட்கிறது. இதனைச் செய்தவர் அவரே என்கிறது. பின்வந்த அறிஞர்கள் அம்மகனின் பெயரிலும் இறுதிச் சொல்லிலும் வேறுபடுகின்றனர். எனினும் வேண்டுதல் என்னும் வடிவம் நிலைபெற்றுவிட்டது. கோட்டயம் வலியபள்ளியிலும் கேரளத்தின் வேறு சில பழங்கோயில்களிலும் உள்ள சிலுவைக் கற்களில் இதே வாசகம் காணப்படுவது அதற்கு வலுவூட்டுகிறது.

இவற்றுள் எது சிறந்தது? மூன்றாவதே என்போம். எழுத்துக்கும் சொற்களின் அளவுக்கும் பொருந்துவது அது ஒன்றே. இதனால் கல் சிறுமையுற்றது என்று வருந்துவோர் உளர். அது பொருந்தாது. திருத்தூதரைப் பற்றிய நம்பிக்கை இக்கல்லைச் சார்ந்து நிற்கவில்லை. கல் நமக்குத் தருவது வேறொன்று. ஆயிரத்தைந்நூறு கல் தொலைவுக்கு அப்பாலிருந்து கடல்கடந்து வந்த மரபினர், தம் எழுத்தை விடாமல், நம் நாட்டுத் தச்சரின் கைத்திறத்தையும் தள்ளாமல், இங்கே வழிபட்டு வாழ்ந்தனர் என்னும் சான்று அது.

உலக வழக்கு

இத்தகைய வேண்டுதல் உலகின் மறுகோடியிலும் உண்டு. அயர்லாந்தில் மொனாஸ்டர்பாய்ஸ் என்னுமிடத்தில் பதினெட்டடி உயரமுள்ள கற்சிலுவை ஒன்று நிற்கிறது. ஒன்பது அல்லது பத்தாம் நூற்றாண்டினது. மறைநூற் காட்சிகள் அதன் உடலெங்கும் நெருங்கியிருக்க, அடியில் ஒரு சிறு வரி, இச்சிலுவையைச் செய்வித்த மூரெடாக்குக்காக வேண்டிக்கொள்ளக் கேட்கிறது. அயர்லாந்துச் சிற்பி கதையைச் சிற்பத்தில் சொன்னார். பரங்கிமலைச் சிற்பி கதையே சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் இருவரும் ஒன்றுபட்டனர்: ஒரு மனிதன் பெயரும், அவனுக்காக ஒரு வேண்டுதலும்.

நம் அருகிலும் ஒரு கல் இருந்தது. பினாங்குத் தீவுக்கு எதிரே செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்தது அது. இப்போது கல்கத்தா அரும்பொருட்சாலையில் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினது. நடுவே ஒரு பௌத்தத் தூபி, பக்கத்தில் எழுத்து. இரத்தமிருத்திகை என்னும் ஊரினனான புத்தகுப்தன் என்ற மாலுமியின் கடற்பயணம் இனிது முடிக என்பது அதன் கருத்து. சமயம் வேறு, எழுத்து வேறு, வழக்கு ஒன்றே.

சூலியா தெருவுக்கு என்ன?

கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849-இல் வழங்கிய செப்பேட்டில் மணிக்கிராமம் என்னும் வணிகர் குழு குறிக்கப்படுகிறது. சாட்சிகளாகப் பஹ்லவி எழுத்திலும் சிலர் ஒப்பமிட்டுள்ளனர். அதே மணிக்கிராமத்தாரின் பெயர் தென் தாய்லாந்தில் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டிலும் வருகிறது. பாரசீகக் கிறிஸ்தவரும் தமிழ் வணிகரும் ஒரே கடல்வழியின் மக்கள். அவ்வழியில் பிற்காலத்தே வந்தவர்கள்தாம் சூலியா தெருவின் முன்னோர். தெருவின் நாகூர் தர்கா பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவைக் கடல்கடந்து கொண்டுவந்து நிறுவினர். பரங்கிமலையில் பாரசீகர் செய்ததும் இதுபோன்ற செயலே.

ஆனால் நம்மவரிடமும் அந்தணரின் படிப்பு இருக்கிறது. சூலியா என்ற சொல்லைக் கேட்டவுடன் சோழன் என்று பொருள் கொண்டு, இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்புக்குத் தாவிவிடுகிறோம். இடையே எண்ணூறு ஆண்டுகள் மறைந்துபோகின்றன. மரக்கலம் ஏறி வந்து, கடை வைத்து, பள்ளியும் தர்காவும் எழுப்பிய மனிதர்கள் மறைந்துபோகின்றனர். பேரரசனின் பெயர் கிடைத்த மகிழ்ச்சியில் வணிகனின் பெயரை இழக்கிறோம்.

பழைய அடக்கத்தலங்களில் மீசான் கற்கள் இன்றும் உள. மழையும் பாசியும் அவற்றைத் தின்று வருகின்றன. அவற்றிற் பொறித்த பெயரையும் ஊரையும் ஆண்டையும் உள்ளது உள்ளவாறே படித்து எழுதிவைப்பது நம் கடமை. சகார்புக்த்தின் மகன் தனக்காக ஒரு வேண்டுதலைக் கேட்டான். முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அவன் கல்லைக் கண்டவர்கள் அவன் குரலைக் கேட்கவில்லை. நம் முன்னோருக்கு அந்நிலை வருதல் ஆகாது.