மடிப்பில் வளையும் கட்டங்கள்

தமிழில் அனிமே பற்றிப் பேச்சு வந்தால் கதையில் தொடங்கிக் கதையிலேயே முடிந்துவிடுகிறது. எந்தப் பாத்திரம் சாகிறது, அடுத்த பாகம் எப்போது வரும், தமிழ்க் குரல் பொருந்துகிறதா என்பதோடு சரி. ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ 2025 செப்டம்பரில் தமிழ் பேசிக்கொண்டு திரையரங்குகளுக்கு வந்தபோதும் நான் கேட்ட பேச்சு இந்த வட்டத்தைத் தாண்டவில்லை. சினிமா ஒரு காட்சிக்கலை என்று சு. தியடோர் பாஸ்கரன் பல்லாண்டுகளாக எழுதிவருகிறார். அந்தப் பார்வை அனிமேக்கு இன்னும் வந்து சேரவில்லை. மதுரைக்காரர்களுக்கு இந்தக் குறை கூடுதலாக உறுத்த வேண்டும். கோயில் விதானத்தில் வரிசை வரிசையாக எழுதிய படங்களை அண்ணாந்து பார்த்தே கதை வாசித்த ஊர் இது.

துணியை எடுத்துக்கொள்வோம். சுங்குடிச் சேலை கட்டியவர் நடக்கும்போது கொசுவத்துக்குள் போகும் புள்ளிகள் பாதி மறைகின்றன, இடுப்பருகே நெருங்குகின்றன, முந்தானையில் மறுபடி விரிகின்றன. இதைக் கையால் வரைந்து அசையவைப்பது பெரும்பாடு. திரையில் வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 படங்கள் வேண்டும். 1963இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரைத் தொடங்கிய ஒசாமு தெசுகா, செலவைக் குறைக்க மூன்று சட்டகங்களுக்கு ஒரு படம் என்று இறங்கினார். ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமே அந்தச் சிக்கனத்தில்தான் வளர்ந்தது. பல பாத்திரங்களுக்கு வேலைப்பாடு இல்லாத வெற்று நிற உடை வாய்த்ததற்கு இது முக்கியக் காரணம். இது தெரிந்தபின் ‘டீமன் ஸ்லேயர்’ நாயகன் தஞ்சிரோவின் பச்சை–கறுப்புக் கட்டம் போட்ட மேலங்கியைப் பாருங்கள். அவன் உடல் திரும்பும்போது கட்டங்களும் மடிப்போடு வளைகின்றன. சண்டையைவிட எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

நேர் எதிரான வழியும் உண்டு. மாஹிரோ மாயேடா 2004இல் இயக்கிய ‘கான்குட்சுவோ’ தொடரில் உடைக்குள்ளிருக்கும் வேலைப்பாடு அசைவதே இல்லை. ஆள் நகர்கிறார், பூக்களும் கோலங்களும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. முதல் பார்வைக்குக் கண் கூசும். மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டப விதானத்தை நிதானமாகப் பார்த்தவருக்கு அந்தக் கூச்சம் சீக்கிரம் போய்விடும். ராணி மங்கம்மாள் செங்கோல் பெறும் காட்சியும் மீனாட்சி திருக்கல்யாணமும் அங்கே இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியர் உடலின் வளைவைக் கோட்டுக்கு விட்டுவிட்டு, துணியின் வேலைப்பாட்டைப் பெரும்பாலும் தட்டையாகவே எழுதுவார். அதனால் ஒவ்வொரு வேட்டியும் சேலையும் தனித்தனியாகக் கண்ணில் நிற்கும். தட்டையாக இருப்பதைத் திறமைக்குறைவு என்று கொள்வது மேலைநாட்டு ஓவியப் பாடத்தில் வந்த பழக்கம். அனிமேயைப் பார்க்கையிலும் அதை விட்டொழிக்க வேண்டும்.

ஜப்பானிய அனிமே மரபும் நம் மரபும் நேராகவே சந்தித்த படம் ஒன்று இருக்கிறது. யூகோ சாகோவும் நம் நாட்டின் ராம் மோகனும் கோயிச்சி சசாகியும் இயக்கி 1992இல் முடித்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’. வரைந்தது ஜப்பானில், ஆனால் வேட்டி எப்படிக் கட்டப்படுகிறது, பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி வாங்குவார்கள் என்பதை இந்திய ஓவியர்கள் அருகிருந்து காட்டிக்கொடுத்தார்கள். ஏறத்தாழ 450 கலைஞர்களின் உழைப்பு அது. நம் திரையரங்குகளில் அது முறையாக வெளியாக 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது தமிழ்க் குரலும் சேர்ந்தது. முகங்களில் ஜப்பானியச் சாயல் விலகவில்லை என்பது உண்மை. ஆனாலும் பெரிய திரையில் அந்த வேட்டி மடிப்புகளைப் பார்த்தபோது, சொல்லிக்கொடுத்தவரின் அக்கறையும் கேட்டுக்கொண்டவரின் அக்கறையும் ஒரே கோட்டில் தெரிந்தன.

மதுரைக்கு வடகிழக்கே 21 கிலோமீட்டரில் இருக்கும் அழகர்கோவிலின் வசந்த மண்டப விதானத்திலும் ராமாயணம்தான். அங்கே கதை பட்டைகளாக ஓடுகிறது. ஒரே ராமன் ஒரே பட்டையில் பலமுறை வருவான், பார்ப்பவர் நகர்ந்துகொண்டே போக வேண்டும். அங்கே காலால் செய்ததை அனிமேயில் புரொஜக்டர் செய்கிறது.

பின்னணி ஓவியத்துக்கு வந்தால் எனக்கு வேறு எதையும் பேசத் தோன்றாது. 1988இல் வந்த ‘மை நெய்பர் டொட்டோரோ’வின் கலை இயக்குநர் கசுவோ ஓகா, வடக்கே அக்கிதாவில் பிறந்தவர், கருமண் பார்த்து வளர்ந்த கண். படத்தின் இயக்குநர் மியாசாகிக்கு வேண்டியதோ டோக்கியோவைச் சூழ்ந்த காந்தோ சமவெளியின் செம்மண். மண்ணின் நிறத்துக்காக அவ்வளவு மெனக்கெட்டார்கள். மேலூர்ச் செம்மண்ணிலிருந்து திருமங்கலம் தாண்டிக் கரிசலுக்குள் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த விவகாரம் உடனே புரியும். தமிழ் வாழ்க்கையை வரையப்போகிறவர் வரப்பை எந்தப் பழுப்பில் தீட்டுகிறார் என்பதிலேயே அவர் ஊரைப் பார்த்தாரா இல்லையா என்று சொல்லிவிடலாம். மக்கோத்தோ ஷின்காய் 2013இல் எடுத்த ‘தி கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்’ இன்னும் ஒரு படி போகிறது. மழைக்காலப் பூங்காவில் உட்கார்ந்திருப்பவர்களின் தாடை ஓரத்தில், கழுத்து நிழலில் இலைப்பச்சை ஏறியிருக்கும். பின்னணியும் ஆளும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதாக நம்மை நம்பவைப்பது அந்த மெல்லிய பச்சைதான்.

பின்னணி எழுதுகிறவர்களை நாமும் வைத்திருந்தோம். காலண்டர் படங்களால் பெயர் பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். தர்பார், காடு, தெரு என்று அந்தத் திரைகளுக்கு முன்னால் நடிகர்கள் வந்து போனார்கள். நாடகத்தைப் பற்றி எழுதியவர்கள் பாட்டையும் நடிப்பையும் பற்றி நிறைய எழுதினார்கள். திரையைப் பற்றி எழுதியது சொற்பம்.

உழைப்பின் அளவுக்கு ஒரு கணக்கு. மியாசாகியின் ‘தி விண்ட் ரைசஸ்’ படத்தில் கூட்டம் நெருக்கியடித்து நகரும் ஒரு காட்சி 4 வினாடி ஓடுகிறது. அதை வரைந்த ஏஜி யமாமோரிக்கு ஓராண்டும் 3 மாதமும் ஆயின. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொருவரும் தனி ஆளாகவே நகர்வது தெரியும். நகலெடுத்து ஒட்டிய உடல் அதில் இல்லை.

சித்திரை முழுநிலவன்று வைகைக் கரையை ஒருவர் அப்படி வரைய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்ற ஒரே நுணுக்கத்துக்காக லட்சக்கணக்கான கண்கள் ஏங்கி நிற்கும் நாள் அது. பச்சை என்றால் ஊர் செழிக்கும் என்பார்கள். வரைய வருபவர், பக்தர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் எவ்வளவு உயரம் எழும், சர்க்கரைச் செம்பின் வாயில் எரியும் சூடம் ஏந்தியிருப்பவரின் முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் போடும் என்பதையெல்லாம் கூட்டத்துக்குள் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டின் பச்சையைக் கடைசியில் தீட்டிக்கொள்ளலாம்.