பாம்பன் பாலமும் விடுபட்ட கைகளும்

பாம்பன் பாலத்தைப் பற்றித் தமிழில் வந்த கட்டுரைகளைப் படித்திருப்பீர்கள். 1914 பிப்ரவரி 24-இல் திறப்பு, 145 கண்கள், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், நடுவில் கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பாலம்: இவை தவறாமல் வரும். வேலையாட்கள் மட்டும் வருவதில்லை. இது நன்றிக் குறைவு என்பதைவிட, அறிவியல் குறைபாடு என்றே நான் சொல்வேன்.

1964 டிசம்பர் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். (ரயில் பாலத்திலிருந்து விழுந்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். அந்த வண்டியை அலை கொண்டுபோனது தனுஷ்கோடி அருகில்.) ஆறு மாதக் கெடு மூன்று மாதமாகக் குறைந்து, பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாட்களில் பாலத்தைச் சீராக்கினார். 'அற்புதம்' என்று எழுதிக் கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். எப்படி முடிந்தது? தூக்குப் பகுதி தப்பி நின்றது. அடித்துச் செல்லப்பட்ட இரும்பு உத்தரங்கள் கடலடியில் கிடப்பதை மீனவர்கள் சொன்னார்கள். அவற்றைத் தூக்கிவந்து மீண்டும் பொருத்தினார்கள். நீரோட்டம் எப்போது தணியும், கயிற்றை எங்கே கட்டினால் உத்தரம் சாயாமல் எழும் என்று அறிந்த கைகள் இல்லாமல் இது நடக்குமா? 46 நாட்களின் இயற்பியல் அங்கேதான் இருக்கிறது.

மூலக்குளத்தில் என்னிடம் படிக்கும் பையன்கள், "அவ்வளவு கனத்தை ஆட்கள் கையால் எப்படித் தூக்கினார்கள் சார்?" என்று கேட்டார்கள். எதிர் எடை என்று ஒரே சொல்லில் நம் கட்டுரைகள் கடந்துவிடுகின்றன. ஷெர்சர் அமைப்பில் பாலத்தின் வளைந்த அடிப்பகுதி நாற்காலிக் கால்போல் பின்னோக்கி உருளும். எதிர் எடை சேர்ந்த ஈர்ப்பு மையம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நகர்வதால், கனத்தைத் தூக்க வேண்டியதில்லை. மிஞ்சுவது உராய்வும் காற்றும். அந்த மிச்சம்தான் நெம்புகோல் தள்ளியவர்களின் தோளில் விழுந்தது. பாம்பன் காற்று லேசுப்பட்டதா? மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள்!

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் (1883) அழுத்தக் காற்று நிரம்பிய அறைகளில் ஆற்றடியைத் தோண்டியவர்கள் வெளியே வந்ததும் மூட்டுவலியால் துடித்தார்கள். மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் அவர்களை ஒவ்வொருவராகக் கவனித்து, 110 பேரின் நிலையைப் பதிந்து வைத்தார். மூழ்குவோரைத் தாக்கும் அதே நோய் பற்றிய முக்கியமான ஆரம்பப் பதிவு அது. கூலியாட்களை எழுதியதால் மருத்துவம் வளர்ந்தது.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தின் தூக்குப் பகுதியை மின்மோட்டார் ஏற்றி இறக்குகிறது. அடுத்துப் பாம்பனைப் பற்றி எழுதப்போகிறவர், நெம்புகோல் தள்ளியவர்களையும் உப்புக்காற்றில் ஆண்டாண்டாகத் துருவைச் சுரண்டி வண்ணம் பூசியவர்களையும் முதலில் போய்ப் பார்க்கட்டும். 145 கண்கள் என்ற கணக்கு எங்கும் ஓடிவிடாது.