ரூட் ஷெல் என்னும் சௌகரியம்

லினக்ஸ் சர்வரில் நுழைந்தவுடன் முதற்காரியமாகச் ‘சூடோ எஸ்யூ’ என்று தட்டி, ‘ரூட்’ என்னும் முழு நிர்வாகியாகவே மாறிக்கொண்டு, அன்றைய வேலை முடியும்வரை அந்த ஷெல்லிலேயே அமர்ந்திருக்கும் வழக்கம், புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு மூத்தவர்கள் சொல்லித்தரும் முதற்பாடமாகவே ஆகிவிட்டது. ஆக்ஷேபித்தால் உடனே ஒரு சமாதானம் வருகிறது. சூடோ உரிமை முழுவதும் பெற்றவன் எப்படியும் எதையும் செய்யவல்லவன். நூறு கட்டளைகளைத் தனித்தனியே சூடோவின் மூலம் இட்டால் என்ன, ஒரு ரூட் ஷெல்லைத் திறந்து அதற்குள் இட்டால் என்ன என்கிறார்கள். கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும் இந்த வாதம் அடிப்படையிலேயே பிழையானது என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

ரூட் ஷெல்லுக்குச் சில குணங்கள் உண்டு. சூடோவோடு எழுதிய கட்டளையின் விளைவை ‘>’ குறியிட்டு ஒரு கோப்பில் சேர்க்க முயன்றால் அனுமதி மறுக்கப்படுகிறது. ஏனெனில் அக்கோப்பைத் திறப்பது சாதாரணப் பயனராகிய நம்முடைய ஷெல்லே. ரூட்டுக்கு மட்டும் திறந்த டைரக்டரிக்குள் ‘சூடோ சிடி’ என்று சொல்லி நுழையவும் வழியில்லை. இயந்திரம் பழுதாகி மீட்பு நிலையில் நிற்கும் நள்ளிரவில், கட்டளைக்குக் கட்டளை சூடோ என்று தட்டச் சொல்வதும் விவேகமன்று. இவ்வளவையும் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால், சூடோ எதற்காகப் பிறந்தது? 1980-ஆம் ஆண்டையொட்டி, நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் அதை முதலில் எழுதினார்கள். அதற்கு முன்பிருந்த ‘எஸ்யூ’ கட்டளை ரூட்டின் கடவுச்சொல்லையே கேட்பது. ஆகவே நிர்வாகிகள் எத்தனை பேரோ அத்தனை பேரும் ஒரே இரகசியத்தைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. சூடோவோ அவரவர் கடவுச்சொல்லை அவரவரிடம் கேட்கிறது. இன்னார் இன்ன கட்டளையை மட்டும் இடலாம் என்று வரையறுக்க இடம் தருகிறது. இட்ட கட்டளையை இட்டவர் பெயரோடு பதிவுசெய்கிறது. இம்மூன்று நன்மைகளில் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனைய இரண்டையும் ஒரே வரியில் துறந்துவிடுவதுதான் ரூட் ஷெல் திறக்கும் பழக்கம்.

பதிவேட்டைத் திறந்து பார்த்தால் இது பிரத்தியக்ஷமாகத் தெரியும். ஒரு சேவையைச் சூடோவின் மூலம் மறுபடி தொடங்கினால், எந்தப் பயனர், எந்த முனையத்திலிருந்து, எந்த டைரக்டரியில் நின்று, யாருடைய உரிமையில், எந்தக் கட்டளையை இட்டார் என்பதெல்லாம் ஒரே வரியில் விழுகின்றன. ரூட் ஷெல் திறந்தவருக்கோ, கட்டளை என்ற இடத்தில் ‘எஸ்யூ’ என்றோ ‘/பின்/பாஷ்’ என்றோ ஒரு சொல் மட்டும் நிற்கிறது. அதன்பின் அமர்வு முடியும்வரை மௌனம். இடையில் மாற்றிய அமைப்புக் கோப்பு எது, அழித்த தரவு எது என்று அந்தப் பதிவேடு சொல்லாது. ரூட்டின் கட்டளை வரலாற்றுக் கோப்பு இருக்கிறதே என்பார்கள். மூன்று நிர்வாகிகளின் கட்டளைகளும் பெயரின்றிக் கலந்து கிடக்கும், சாதாரணமாக நேரமும் குறிக்காத, ரூட்டே நினைத்தால் அழித்துவிடக்கூடிய ஒரு கோப்பை எப்படிச் சாக்ஷியமாக ஏற்பது? பெட்டிச் சாவி கையிலுள்ள கணக்குப்பிள்ளை எவ்வளவு பணத்தையும் எடுக்க வல்லவர்தான்; அதற்காக, செலவுக்குச் செலவு பேரேட்டில் எழுதுவதும், ஆண்டு முடிவில் ‘செலவு’ என்று ஒரே வரி எழுதி மூடுவதும் ஒன்றாகிவிடுமா?

2020-இல் வெளிவந்த சூடோ 1.9 அமர்வு முழுவதையும் வேறொரு சர்வருக்கு அனுப்பிப் பதியவும், 2021-இல் வந்த 1.9.8 ஷெல்லுக்குள் பிறக்கும் கட்டளைகளையும் குறிக்கவும் வழிசெய்தன. மெச்சத்தக்க ஏற்பாடுகளே, ஆனால் அவை தாமாக இயங்குவதில்லை, நிர்வாகி முனைந்து அமைக்கவேண்டும். அமைக்கும் சிரத்தையுள்ளவர் காலையில் வந்ததும் ரூட் ஷெல் திறப்பவராக இருக்கமாட்டார். வேறு சிலர், ஷெல்களைத் தவிர மற்றெல்லாம் செய்யலாம் என்று விதி எழுதித் திருப்தியடைகிறார்கள். பாஷ் நிரலை வேறு பெயரில் நகலெடுத்தால் அவ்விதி அத்தோடு தீர்ந்தது. ‘விஐ’ தொகுப்பானை மட்டும் அனுமதித்தாலும், அதற்குள்ளிருந்தே ஆச்சரியக்குறி ஒன்றால் ஷெல்லை அழைத்துவிடலாம்.

பதிவோடு கவனமும் போகிறது. ரூட் ஷெல்லில் மாறுவது பெரும்பாலும் ‘$’ என்ற குறி ‘#’ ஆவது மட்டுமே. பத்து நிமிடத்தில் கண் அதை மறந்துவிடுகிறது. பிறகு அங்கிருந்து தொடங்கும் தொகுப்பான், எங்கிருந்தோ இறக்கிய ஸ்கிரிப்ட், படித்துப் பார்க்காமல் ஒட்டிய வரி ஆகிய யாவும் சர்வாதிகாரத்தோடே ஓடுகின்றன. ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்கு வேண்டிய குறைந்தபட்ச அதிகாரத்தோடு இயங்கவேண்டும் என்று ஸால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975-இலேயே எழுதிவைத்த தத்துவத்துக்கு இதைவிட நேர்விரோதமான பழக்கம் வேறில்லை. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டும் சிரமம் என்பதும் வீண் சாக்கு. ஒருமுறை தந்தால் சூடோ இயல்பாகவே 5 நிமிடம் நினைவில் வைத்திருக்கிறது. ‘>’ குறியின் இடையூற்றுக்கும் ‘சூடோ டீ’ என்ற எளிய பரிகாரம் இருக்கிறது.

ஆகவே மூத்த நிர்வாகிகள் அந்த முதற்பாடத்தை மாற்றவேண்டும். ரூட் ஷெல்லை ஆபத்துக் காலத்துக்கென்று ஒதுக்கி, அன்றும் அமர்வைத் தனிச் சர்வரில் பதிந்து, மற்ற நாட்களில் வேண்டிய கட்டளைக்கு மட்டும் வேண்டிய அதிகாரத்தைக் கேட்டுப் பெறும் ஒழுக்கத்தை இளைஞர்களுக்கு அவர்கள் கற்பிக்கட்டும். யார் செய்தது என்று சொல்லமுடியாத ஒரு மாற்றம் சர்வரில் நிகழுமானால், அதன் பொறுப்பு அப்பழக்கத்தைக் கற்பித்தவரையே சாரும்.