இரண்டு புள்ளி ஏறும் படி

ஜான் போசாக் எக்ஸ்எம்எல்லில் குறியிட்டுத் தந்த ஹேம்லெட்டைத் திறந்து, நடுவில் எங்கோ ஒரு வரியில் போய் நிற்பது எனக்குப் பிடிக்கும். இதைப் பேசியது யார்? இரண்டு புள்ளி தட்டினால் போதும். அந்த வரியை மடியில் வைத்திருக்கும் பேச்சுக்கு, எக்ஸ்எம்எல் ஆவணத்துக்குள் வழி சொல்லும் மொழியான எக்ஸ்பாத் நம்மை ஏற்றிவிடும். பேசியவர் பெயர் அங்கேயே இருக்கிறது. ஒரு சாய்கோடு, இன்னும் இரண்டு புள்ளி: காட்சி. மறுபடியும் அப்படியே: அங்கம். விரல் தட்டும் சத்தத்துக்கு ஒரு படி என்று ஏறிப்போகிற சுகம் அது.

எத்தனை படி என்று எண்ண வேண்டாதபோது ‘ஆன்செஸ்டர்’. மூதாதை! எவ்வளவு பொருத்தமான சொல். அதன் பின் இரட்டை முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, சதுர அடைப்புக்குள் 1 என்று எழுதினால் ஆக நெருங்கிய உறவான பெற்றவர் வருகிறார். கீழிருந்து மேலாக எண்ணுகிற பொறுமை அதற்கு உண்டு. அதே மூதாதையர் வரிசையை வளைவு அடைப்புக்குள் பொதிந்துவிட்டு, வெளியே சதுர அடைப்புக்குள் 1 போடுங்கள். எண்ணிக்கை மேலிருந்து தொடங்கும். இப்போது கைக்கு வருவது முழு நாடகம்.