காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா?

உலகம் ஒரு பெருங்காந்தம். அதன் காந்தத் துருவங்கள் பன்முறை இடம் மாறியுள்ளன என்பதற்குக் கடலடிச் சேறு சான்று பகர்கிறது. சேற்றுடன் படியும் நுண்ணிய இரும்புத் தாதுத் துகள்கள் அக்காலக் காந்தத் திசையை நோக்கி அமைந்து, அந்நிலையிலேயே இறுகிவிடுகின்றன. தென்துருவக் கடலில் குழாய் இறக்கி எடுத்த ஏழு சேற்றுத் தூண்களைக் கொண்டு, ஓப்டைக் முதலிய நால்வர் 1966இல் இதனைத் தெளிவுறக் காட்டினர்.

அந்நால்வருள் ஒருவரான ஜேம்ஸ் ஹேஸ் 1971இல் மேலும் ஒரு படி சென்றார். கடந்த 25 இலட்சம் ஆண்டுகளில் ரேடியோலாரியா என்னும் நுண்ணுயிர்களில் எட்டு இனங்கள் அழிந்தன என்றும், அவற்றுள் ஆறு காந்தம் புரண்ட காலத்தை ஒட்டியே மறைந்தன என்றும் எழுதினார். காந்தப் புரள்வு நேராகவோ மறைமுகமாகவோ அவ்வழிவுக்குக் காரணமாகலாம் என்பது அவர் கருத்து. ஒரு தூணை மட்டும் நம்பாமல், குளிர்க்கடல், வெப்பக்கடல் இரண்டிலுமாக 28 தூண்களை ஒப்பிட்ட உழைப்பு பாராட்டத்தக்கது. ஆயினும் அம்முடிவை அச்சான்று தாங்குமா?

முதலாவது, எட்டு என்பது சிறு தொகை. அதே காலத்தில் காந்தமோ ஐந்து முறைக்கு மேல் புரண்டிருக்கிறது. காக்கைகள் பல உட்காரும் தோப்பில் எந்தப் பனம்பழம் விழுந்தாலும் அருகில் ஒரு காக்கை இருக்கத்தானே செய்யும்!

இரண்டாவது, ஆழ்கடலில் சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே படிகிறது. அதனையும் புழுக்கள் கிளறிவிடுகின்றன. காந்தக் குறியோ சேறு சற்றுப் புதைந்த பின்னரே நிலைக்கிறது. எனவே தூணில் ஒட்டித் தோன்றும் இரு நிகழ்ச்சிகளுக்கிடையே சில ஆயிரம் ஆண்டுகள் கழிந்திருக்கலாம்.

மூன்றாவது, கொல்லும் வழி யாது? காந்தப்புலம் குன்றினால் விண்கதிர்கள் பெருகி உயிர்களைத் தாக்கும் என 1963இல் உஃபென் கருதினார். ஆனால் காற்று மண்டலமே பத்து மீட்டர் நீருக்கு ஈடான எடையுள்ள கவசமாகும். கடலுயிர்க்கு நீரும் கவசம்.

நான்காவது, வேறு காரணமும் அருகிலேயே உண்டு. அக்காலத்தில் பனியூழிகள் மாறி மாறி வந்தன. உலகின் சுற்றுப்பாதை மாறுதல்களே அவற்றின் காலத்தை வகுத்தன என்பதை, இம்பிரி, ஷாக்கிள்டன் ஆகியோருடன் சேர்ந்து 1976இல் கடற்சேற்றைக் கொண்டே காட்டியவரும் இதே ஹேஸ்தான்!

இறுதிப் பெரும்புரள்வு ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. மனிதனின் முன்னோர் அதனைக் கடந்தே வந்தனர். ஆதலின், துருவம் புரண்டால் உலகம் அழியும் என்று அவ்வப்போது எழும் கூக்குரலுக்கு ஹேஸின் கட்டுரை ஆதாரமாகாது. காந்தம் புரண்டது என்பது சேறு சொன்ன சாட்சி. காந்தமே கொன்றது என்பது மனிதர் செய்த ஊகம். இரண்டையும் பிரித்தறியப் பழக்குவதே அறிவியற் கல்வியின் முதற்பயன்.