‘கருக்கு’ காட்டும் மானம்

பாமா 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கருக்கு’ தன்வரலாற்று நூல். கல்வியால் மானம் மீண்ட கதை என்று இதனைப் பாராட்டுவோர் உளர். அன்னார் நூலைப் பாதியிலேயே மூடிவிட்டனர் போலும்!

ஒதுக்கப்பட்ட தெருவில் பிறந்த சிறுமிக்கு, படித்து முன்னே நின்றால் மதிப்புத் தானே வரும் என்று அண்ணன் அறிவுறுத்துகிறார். அவளும் வகுப்பில் முதலாவதாகத் தேறுகிறாள். தேறியும் என்ன? தேங்காய் திருடினாள் என்று தலைமையாசிரியரே சாதியைச் சொல்லி இகழ்ந்து வெளியே நிறுத்துகிறார். (என் தொழிலார் ஊன்றிப் படிக்கவேண்டிய பக்கங்கள் இவை.) பேருந்தில் அருகிலிருந்த பெண், எந்தத் தெரு என்று கேட்டறிந்ததும் வேறிடம் போய் அமர்கிறாள். பட்டம் பெற்று, ஆசிரியையாகி, கத்தோலிக்கத் துறவு மடம் புகுந்த பின்னும் அதே பாகுபாடு! மடத்தை விட்டு வெளியேறி, வேலையுமின்றி நின்ற நிலையில் எழுதியதே இந்நூல்.

நடையைக் கொச்சை என்பார் பண்டிதர். தேர்வுத்தாளில் வந்தால் நானும் திருத்துவேன். இங்கே திருத்தினால் நூலே இல்லை. தம் தெருவின் பேச்சு அச்சேறத் தகும் என்று அவர் துணிந்த இடத்திலேதான் இழந்த மானம் மீள்கிறது. மடத்துச் செய்திகள் கூறியது கூறலாய் நீள்வது குறையே.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாமும் அந்த அண்ணன் சொன்னதையே சொல்லி வருகிறோம். படித்த பின்னும் மதியாதவர் முன் எப்படி நிற்பது என்பதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. பள்ளியில் ஆசிரியர் அறை அலமாரியில் இந்நூல் ஒரு படியேனும் இருத்தல் வேண்டும்.