கட்டிலும் வேலையும் ஒரே கையில்

2025 நவம்பரில், ஓசூரை அடுத்த நாகமங்கலத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரியவந்தது. பெண்கள் திரண்டு வெளியே வந்து போராடினார்கள். கைது நடந்தது, பத்திரிகைகளுக்கு அது ஒரு குற்றச் செய்தியோடு முடிந்துபோனது. விடுதி என்கிற ஏற்பாட்டையே விசாரித்திருக்க வேண்டிய நேரம் அது.

விடுதி தருவது சிறிதல்ல. தருமபுரியிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வரும் பெண்ணுக்கு ஓசூரில் தனியாக யார் வீடு கொடுக்கிறார்கள்? அட்வான்ஸ் கட்டுவதற்கே சில மாதச் சம்பளம் போய்விடும். விடுதியில் மெஸ் இருக்கிறது, வாசலுக்கு ஷிப்ட் பஸ் வருகிறது. ஊரில் என்றால் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தம்பிக்கு டிபன் கட்டிக் கொடுத்த பிறகே அவள் வேலைக்குக் கிளம்ப முடியும். அந்தப் பாடெல்லாம் அவள் தலையிலிருந்து இறங்கி, கம்பெனியின் செலவுக் கணக்கில் ஏறுகிறது. உழைப்பவரை மறுநாளைக்குத் தயார்செய்யும் சமையலும் துவையலும் உழைப்புதான் என்று பெண்ணியர்கள் வாதாடி வந்ததற்கு, அரைகுறையாகவேனும் இது ஓர் ஒப்புதல்.

ஆனால் கட்டிலும் வேலையும் ஒரே கையில் இருக்கின்றன. வேலை போனால் தங்க இடமும் போகும். இந்தப் பயம் இருக்கும்போது மேற்பார்வையாளரை எதிர்த்து யார் வாய் திறப்பார்கள்? யூனியன்காரர்களால் விடுதி கேட்டைத் தாண்ட முடிவதில்லை.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. விடுதி ஏற்றுக்கொள்வது கல்யாணத்துக்கு முந்தைய சில ஆண்டுகளை மட்டும்தான். அதுவரை அவளை வளர்த்து ஆளாக்கிய செலவு ஊரிலிருக்கும் தாயுடையது. பிள்ளை பெற்ற பிறகு தாங்கப்போவதும் அதே வீடு. 26 வாரப் பேறுகால விடுப்பும், 50 பேருக்குக் குறையாத இடங்களில் குழந்தைகள் காப்பகமும் 2017 சட்டத் திருத்தத்திலேயே வந்துவிட்டன. கல்யாணத்தோடு வேலையை விட்டுப் போகிறவளுக்கு இரண்டாலும் பயனில்லை.

2016 ஏப்ரலில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளப் பெண்கள் ஓசூர் சாலையை மறித்தது பி.எஃப். பணத்துக்காக. பிள்ளைகளின் படிப்பும் மகள் கல்யாணமும் அந்தப் பணத்தை நம்பியிருந்தன. அதை எடுப்பதற்குக் கட்டுப்பாடு போட்ட புதிய விதியை மத்திய அரசு திரும்பப் பெற்றது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒவ்வாமல் 159 பேர் மருத்துவமனைக்குப் போன பிறகு, ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இரண்டிலும், நாகமங்கலத்திலும், போராட்டத்தைக் கிளப்பியது கூலி உயர்வு அல்ல. சோற்றையும் குளியலறையையும் கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் 'இதர வசதிகள்' என்று எழுதும் பழக்கத்தைத் தொழிற்சங்கங்கள் கைவிட்டே ஆக வேண்டும்.

இப்படித் திடீரென எழும் போராட்டத்தின் பலவீனமும் தெரிந்ததே: கூட்டம் கலைந்தபின் கையில் எழுத்து எதுவும் மிஞ்சுவதில்லை. அதை மிஞ்சவைத்தது 2022 ஏப்ரலின் திண்டுக்கல் உடன்படிக்கை. ஒரு தலித் தொழிலாளப் பெண் கொலையுண்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடிப் பெற்றது அது. 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம் பாலியல் தொல்லையைக் கண்காணிக்கத் தொழிலாளர்களே பயிற்சி பெற்றார்கள். ஓசூரில் அந்தக் கண்காணிப்பு விடுதி மாடிகளுக்கும் வர வேண்டும். கூடவே, அரசின் தோழி விடுதிகளைப் போல, எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாலும் தங்கக்கூடிய இடங்கள் தொழிற்பேட்டையை ஒட்டியே வேண்டும். வேலையை விட்டாலும் கட்டில் பறிபோகாத இடங்கள்.